காதுக்காரர் வீட்டு டிரம்

"இந்த வீட்டில் ஒன்று அந்த டிரம் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்!"

முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு, குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துக் காதுக்காரர் இப்படிச் சபதம் செய்தார். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொல்வதை எதிர்த்துப் பேசாமல் கேட்கும் ஒரே ஜீவன் அந்த வீட்டில் அதுதான். அதனால் சபதங்களையெல்லாம் அவர் அங்கேதான் வைத்துக்கொள்வது.

கதவுக்கு வெளியே டம். டம். டமடம. அப்புறம் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டால், டம். தாளம் என்று ஏதாவது இருந்தால்கூட மனசு பழகிக்கொள்ளும். இதில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

காதுக்காரர் என்பது தெருவாசிகள் வைத்த பெயர். கடைத்தெருவில் காது கேட்கும் மிஷின் விற்கும் கடை அவருடையது. கடையின் பின்பக்கம், சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பெட்டி அறை. வருகிறவரை அதற்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார். ஊசி முனை அளவுக்கு 'கீ' என்று ஒரு சத்தம் வரும். கேட்டால் அமுக்க வேண்டும். சிலர் கேட்காமலே அமுக்குவார்கள். சிலர் கேட்டும் அமுக்க மாட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் கல்யாணமானவர்கள்.

பகலெல்லாம் தொண்டை கிழியக் கத்தி வியாபாரம் செய்கிறவருக்கு வீட்டில் வேண்டியது ஒன்றே ஒன்று. அமைதி. காலையில் செய்தித்தாள் புரளும் சத்தத்தைச் சகித்துக்கொள்வார். மாலையில் அதுவும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் அவருக்கு உயிர். அந்த உயிருக்குத்தான் இப்போது அவருடைய மனைவி உலை வைத்துவிட்டாள்.

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் மதியம் வரைக்கும் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பவள். பல்லைப் பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்தும், ஆட்கள் அவளிடம் வந்து, "இன்னும் கொஞ்சம் முன்னாடி கிடைக்காதாம்மா?" என்று கெஞ்சுவார்கள். அந்த வித்தை அவளுக்கு எப்படிக் கைவந்தது என்று காதுக்காரர் யோசித்ததே இல்லை. யோசித்திருந்தால் எனக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"ஏம்மா, இது என்ன புதுசா?"

"புதுசு இல்லீங்க, பழசுதான். தெரிஞ்சவங்க குடுத்தாங்க."

"டிரம்மைக் கேக்கல. இந்தக் கூத்தைக் கேக்கறேன்."

"மனுஷனுக்கு ஒரு கலை வேணுமாம். டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"எங்க பல் டாக்டர்தான்."

"பல் டாக்டருக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்?"

"பேஷண்ட் கத்தறப்ப அவரு பாடுவாரு."

"சரி, நான் இல்லாத நேரமாப் பாத்து அடிச்சுக்கோயேன்."

"அடிக்காமலா? மத்தியானம் பூரா சாதகம்தான். காலைலயும் சாயங்காலமும் நீங்க இருக்கீங்களேன்னு கொஞ்சமா நிறுத்திக்கறேன்."

"இது கொஞ்சமா?"

டம் என்று பதில் வந்தது.

சும்மா விடுவாரா? மறுநாள் கடையிலிருந்து சத்தம் அளக்கும் கருவியைக் கொண்டுவந்து டிரம்முக்கு எதிரே நீட்டினார். முள் ஒரே துள்ளாகத் துள்ளிச் சிவப்புக் கோட்டில் போய் முட்டிக்கொண்டது. "பாரு! சிவப்பு! நீயே பாரு!" என்று குதித்தார். மனைவி எட்டிப் பார்த்து, "அட, அதுக்குள்ள இவ்ளோ வந்துட்டேனா! எல்லாம் நீங்க குடுக்கற உற்சாகம்" என்று கருவிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

காதில் நுரைப்பஞ்சு அடைத்துப் பார்த்தார். நல்ல பஞ்சு, கடைச் சரக்கு. சத்தம் காது வழியாக வருவதை நிறுத்திவிட்டுக் கட்டில் கால் வழியாக வந்தது.

தனியாகப் போராடிப் பயனில்லை, ஆள் சேர்க்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். வீட்டுக்கு நேர் கீழே தையல் கடை. அந்த மாஸ்டர் காதுக்காரர் வேலைக்குப் போன பிறகு கடையைத் திறந்து, அவர் திரும்புவதற்குள் பூட்டிவிட்டுப் போய்விடுவார். ஆக, மத்தியானச் சாதகம் முழுவதும் அந்த மனுஷன் தலைமேல்தான் இறங்க வேண்டும். பாவம், எவ்வளவு வயிற்றெரிச்சலோடு இருப்பார்! ஒரு நாள் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை பொறுத்திருந்து, தன் கடைக்குப் போகாமல் மாஸ்டருக்காக வாசலில் காத்துக் கிடந்தார்.

மாஸ்டர் வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு ஒரு கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், மத்தியானமெல்லாம் எங்க வீட்டுச் சத்தத்தை எப்படித்தான் தாங்கறீங்க?"

மாஸ்டர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "சத்தமா? ஒரு சத்தமும் இல்லையே சார்."

"டம் டம்னு?"

"இல்லையே."

"டமடமடம்னு?"

"அட, இல்லீங்க சார். மத்தியானம் இங்க ஊசி விழுந்தா எனக்குக் கேக்கும். நேத்துகூட ஒண்ணு விழுந்துச்சு, சத்தத்தை வெச்சுத்தான் தேடி எடுத்தேன்."

வேறு யாராவது இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்கள். காதுக்காரர் காது பார்த்தே பழகிப்போனவர். அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. மாஸ்டரின் தோளில் பரிவோடு கை வைத்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி சார்?"

"பயப்படாதீங்க! ஆரம்பத்துலயே கவனிச்சாச் சரி பண்ணிடலாம்!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

மாஸ்டர் எவ்வளவோ சொன்னார். காது கேட்காதவர்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள் என்று கையோடு கூட்டிப்போய்ப் பெட்டி அறைக்குள் உட்கார வைத்தாயிற்று. கீ. மாஸ்டர் அமுக்கினார். இன்னும் மெல்லிசாக ஒரு கீ. அமுக்கினார். கொசுவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய சத்தத்துக்கெல்லாம் அமுக்கித் தள்ளினார். கடைசியில் காதுக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப ஒண்ணும் வரல சார்" என்றார்.

காதுக்காரர் வெகுநேரம் மோவாயைத் தடவினார். தலைக்கு மேலே அடிக்கிற டிரம் கேட்காத ஆளுக்கு இதெல்லாம் கேட்கிறது என்றால் என்ன அர்த்தம்? மிஷின் பழுது. அன்றே அதைக் கழற்றிச் சரிபார்க்க அனுப்பினார். எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது என்று அது திரும்பி வந்தது. சரிபார்த்த ஆளுக்கும் காது போச்சு போல என்று பரிதாபப்பட்டுக்கொண்டார்.

டிரம் மட்டும் ஓயவில்லை. அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் ஆரம்பிக்கும். மனுஷன் கண்ணுக்குக் கீழே கறுத்து, வாடிக்கையாளர் பேசும்போதே தூங்கி விழ ஆரம்பித்தார்.

அந்த நிலையில்தான் ஒரு நாள் சாப்பாட்டுப் பையில் அந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. சில நாளாகவே பையில் அது கிடந்தது. முதல் நாள் அதில் கை துடைத்தார். அடுத்த நாள் மேஜை ஆடாமல் இருக்க மடித்து அடியில் வைத்தார். மறுநாள் பையில் இன்னொன்று இருந்தது. அதற்கும் மறுநாள் சாப்பாட்டுப் பெட்டியையே அதில் சுற்றியிருந்தது. அன்றைக்குத்தான் படித்தார். சர்வதேச இசை, கலை விழா. உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் கலைஞர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. நடுவில் ஒரு படம்: மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு டிரம்கள், அவற்றை அடிக்கும் ஆஜானுபாகுவான பெண்கள்.

காதுக்காரர் மூளையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். நிஜமான டிரம்மை நிஜமான ஆட்கள் அடிப்பதை நேரில் பார்த்தால், இவளுக்கே வெட்கமாகிவிடும். தானாகக் குச்சியைக் கீழே போட்டுவிடுவாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்துவிடும். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மாலை, டம் டம்முக்கு நடுவில் ஆரம்பித்தார்.

"இந்த வாரம் எங்கயாவது வெளிய போலாமா?"

குச்சி அந்தரத்தில் நின்றது. "யாரு, நாமளா?"

"உலக இசை விழாவாம். பெரிசா நடக்குதாம்."

"அது எதுக்குங்க? வீட்டுலயே ரேடியோ இருக்கே."

இந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அவருடையதுதான். அருவி பார்க்கப் போகலாமா என்று மனைவி கேட்டபோது, குளியலறையில் ஷவர் இருக்கிறதே என்றவர் அவர். மிருகக்காட்சிசாலை என்றபோது, உன் அண்ணன் வருகிறாரே என்றவர்.

"நேர்ல பாக்கறது வேறம்மா."

"ஒரே கூட்டமா இருக்கும்."

"இருந்தா என்ன?"

"உங்களுக்குக் கால் வலிக்கும்."

"வலிக்கட்டும்."

"கடை?"

"பூட்டிட்டு வரேன்."

"ஞாயித்துக்கிழமை மத்தியானத் தூக்கம்?"

"போகட்டும்" என்றார், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு.

"சரி, ஒரு நாள் மட்டும் தலையைக் காட்டிட்டு வந்துடலாம்."

"ஒரு நாளா? மூணு நாளும் பாக்கணும்! முழுசாப் பாத்தாத்தான் மனசுல பதியும்!"

மனைவி பெருமூச்சு விட்டாள். "என்னவோ, இவ்ளோ கெஞ்சறீங்க. உங்களுக்காக வரேன்."

அவள் மனசு மாறுவதற்குள் ஓடிப்போய் டிக்கெட் வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் ஷூ கயிற்றைக் கட்டி நிமிர்வதற்குள் மனைவி வாசலில் தயாராக நின்றாள். தலைக்குத் தொப்பி, காலுக்கு நடக்க வாகான புதுச் செருப்பு, தோளில் சுருட்டிய பாய், தண்ணீர் பாட்டில், மழை வந்தால் குடை. 'பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்கிறாளே' என்று காதுக்காரர் பூரித்துப்போனார்.

பூங்கா முழுக்கக் கூடாரங்கள். வாசலிலேயே கட்டைக்கால் கட்டிய இருவர் அவருடைய தலைக்கு மேலாகத் தாண்டிப் போனார்கள். ஒரு மேடையில், ஒரே ஆள் ஒரே தொண்டையில் இரண்டு குரலாகப் பாடினார். "இது கலை இல்ல, கட்டி. டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார் காதுக்காரர். இன்னொரு மேடையில் நடனக்காரர்கள் அசையாமல் நின்றார்கள். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று பக்கத்து ஆளைக் கேட்டார். முடிந்துவிட்டது என்றார் அவர். கோபத்தோடு திரும்பினால், பழைய சாவிகளையெல்லாம் உருக்கிச் செய்த யானை ஒன்று வழியை மறித்து நின்றது. மனைவி மட்டும் யாரிடமும் வழி கேட்காமல் விறுவிறு என்று நடந்தாள்.

"இப்படி வாங்க. தண்ணிக் கிண்ணம் வாசிக்கறவங்க முடிச்சதும், குறுக்கு வழியாப் போனா நீளக் கொம்புக்காரங்களைப் பிடிச்சுடலாம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஒரு யூகந்தாங்க."

நீளக் கொம்புக்காரர்கள் வந்தார்கள். கொம்பு ஒவ்வொன்றும் ஒரு பஸ் நீளம். அதன் வாய் தரையில், ஊதுகிறவர் வெகு தூரத்தில். பூமிக்கு அடியிலிருந்து கிளம்பிய மாதிரி ஒரு சத்தம் வந்து நெஞ்சுக்குள் நின்றது. காதுக்காரர் கருவியை நீட்டிச் சத்தத்தை அளந்துகொண்டே மனைவி பக்கம் திரும்பினார். அவள் வாயைத் திறந்து, கண்ணில் நீர் கோத்து, சின்னப் பெண் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! இவளை முன்பே எங்கேயாவது கூட்டிப்போயிருக்கலாம் என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்புறம் டிரம் ஞாபகம் வந்தது. வருத்தத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. டிரம் கூடாரம். கச்சேரி முடிகிற நேரத்தில் ரசிகர்களில் ஒருவரை மேடையேற்றி வாசிக்கச் சொல்வார்கள் என்று வாசலில் அறிவித்திருந்தது. காதுக்காரர் மனைவியை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, நைசாக நழுவி, அங்கே நின்ற அறிவிப்பாளரைப் பிடித்தார்.

"முன்வரிசைல, தொப்பியும் குடையுமா ஒரு அம்மா, பக்கத்துல நான் உக்காந்திருப்போம். நாங்கதான். எங்க வீட்டுல ஒரு பெரிய டிரம் மேதை இருக்காங்க."

"அப்படியா சார்! மேடைக்கு வருவாங்களா?"

"முதல்ல கூச்சப்படுவாங்க. நான் இல்ல, நான் இல்லன்னு சொல்லுவாங்க. விடாதீங்க. தூக்கிட்டுப் போயாவது நிறுத்திடுங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். இனி இவ்வளவு பேர் முன்னால் அந்த டம், டமடம, டம்மை அடிக்கட்டும். ஆயுசுக்கும் போதும். முதல் டிரம்மை அடித்தார்கள். கூடாரக் கம்பமே ஆடியது. சட்டைப்பையிலிருந்து நுரைப்பஞ்சை எடுத்து, இரண்டு காதிலும் திணித்தார். நல்ல பஞ்சு. கடைச் சரக்கு. நாற்காலிதான் லேசாக அதிர்ந்தது. அது தாலாட்டுகிற மாதிரி சுகமாக இருந்தது.

கடைசியில் அறிவிப்பாளர் மைக்கோடு இறங்கி வந்தார். அவர் உதடு அசைந்தது. மனைவியிடம் என்னவோ கேட்டார். மனைவி வெட்கத்தோடு என்னவோ சொன்னாள். கூட்டம் கைதட்டியது. 'ஆஹா, மாட்டிக்கொண்டாள்!' என்று காதுக்காரரும் தட்டினார். அறிவிப்பாளர் அவரைப் பார்த்துக் கேட்டார். தலையாட்டினார். இன்னொன்று கேட்டார். பலமாகத் தலையாட்டி, எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார்.

அடுத்த கணம் கதவு அகலத்துக்குத் தோள் உள்ள இரண்டு பெண்கள் அவரை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள்.

"நான் இல்ல! நான் இல்ல!" என்று அலறினார். எதிர்பார்த்தபடியே கூச்சப்படுகிறார் என்று அறிவிப்பாளர் கண்ணைச் சிமிட்டினார்.

தலையில் இறகுத் தொப்பி ஏறியது. கையில் கிரிக்கெட் மட்டை கனத்துக்கு ஒரு குச்சி. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு அடி அடித்தார். தோல் குச்சியைத் திருப்பி அனுப்பியது. அது நேராக வந்து அவர் நெற்றியில் உட்கார்ந்தது. "ஆ!" என்றார். பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அதையே பிடித்துக்கொண்டு, "ஆ!" என்று கோரஸ் பாடி, தாளத்தைத் தொடர்ந்தார்கள். அவர் தடுமாறி ஒரு டம், வலியில் ஒரு டமடம, ஓடப் பார்த்து ஒரு டம். ஒவ்வொன்றையும் அவர்கள் தாளமாக்கிக் கொடுத்தார்கள். கூடாரமே எழுந்து ஆடியது. முன்வரிசையில் மனைவி போனை இரண்டு கையாலும் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"என்ன சொன்னே அந்த ஆள்கிட்ட?"

"உங்க ரெண்டு பேர்ல யாரு அந்த டிரம் மேதைன்னு கேட்டாரு. இவருக்குத்தான் டிரம்னா உயிரு, ராத்திரி பகலா அதே நினைப்புன்னேன். பொய்யா?"

பொய் என்று சொல்ல வழியில்லை.

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "ஆனா ஒண்ணுங்க. அவங்க வாசிக்கறதைப் பாத்தப்புறம், இனிமே நான் டிரம்மைத் தொடறதா இல்லை."

காதுக்காரருக்கு பஸ்ஸிலேயே துள்ளிக் குதிக்கத் தோன்றியது. நெற்றி போனால் போகிறது. ஜெயித்தாயிற்று!

திங்கட்கிழமைக் காலை செய்தித்தாள் மட்டும் புரண்டது. சொர்க்கம்.

"ஏங்க, அந்த டிரம்மைக் கீழ மாஸ்டர்கிட்ட குடுத்துட்டு வந்துடறீங்களா? அவரு இன்னிக்குச் சீக்கிரமே கடை திறந்திருப்பாரு."

"மாஸ்டர்கிட்டயா?"

"சேர வேண்டிய இடத்துல சேத்துடுவாரு."

எங்கே போனால் என்ன, போனால் சரி. டிரம்மைக் கட்டி அணைத்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். கடைக்கு இன்றும் தாமதமானாலும் பரவாயில்லை என்று பட்டது.

"வாங்க சார்" என்றார் மாஸ்டர். "விழா முடிஞ்சுதா?"

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"டிரம் திரும்பி வருதே. விழா முடிஞ்சதும் தந்துடறேன்னு சொல்லித்தானே உங்க வீட்டுத் தங்கச்சி வாங்கிட்டுப் போனாங்க. பேண்டு வாசிக்கறானே என் மச்சினன், அவனோடது இது."

காதுக்காரரின் முணுமுணுப்பு நின்றது. "அவ இதை வாங்கி எத்தனையோ நாளாச்சு. நான் டிக்கெட் வாங்கினது போன வாரம்."

"ஆமா சார். 'அவரு கூட்டிட்டுப் போறதுக்கு எவ்ளோ நாளாகும் தங்கச்சி'ன்னு நான்கூடக் கேட்டேன். 'அது அவரு காதைப் பொறுத்தது மாஸ்டர்'னாங்க."

"அப்ப அந்த மத்தியானச் சாதகம்?"

"ஒரு சத்தமும் இல்லன்னு நான் அன்னிக்கே சொன்னேனே சார். நீங்கதான் என்னைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள உக்கார வெச்சீங்க."

ஊருக்கெல்லாம் காது பார்க்கிறவருக்கு வீட்டிலேயே காது குத்தியாகிவிட்டது. காதுக்காரருக்கு ரத்தம் கொதித்தது. நேராக மேலே போய் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று கிளம்பினார்.

"சார், சார், ஒரு நிமிஷம். டிரம்மை வெச்சுட்டு இதை உங்ககிட்டயே குடுத்தனுப்பச் சொன்னாங்க தங்கச்சி." மாஸ்டர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீளமான கறுப்புப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார். "மச்சினன் இதையும் வாசிப்பான்."

படிக்கட்டில் நின்று பெட்டியைத் திறந்து பார்த்தார். ட்ரம்பெட். பளபளவென்று, முறம் மாதிரி வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. பெட்டியை மூடினார். அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி குறைந்துகொண்டே வந்தது.

வாசலில் மனைவி சிரித்த முகத்தோடு நின்றாள். "குடுத்துட்டீங்களா? மாஸ்டர் ஒண்ணு தந்திருப்பாரே, கொண்டாங்க இப்படி" என்று கையை நீட்டினாள்.

காதுக்காரர் பெட்டியை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா போகணும்?" என்றார்.